எதற்கும் ஒரு அட்டர்

மாமியாரை வீட்டோடு வைத்துக்கொள்வதில்லை என்று சண்முகசுந்தரம் சபதம் எடுத்து நாலு மாதம் ஆகிறது. இது எண்பத்தாறாம் வருஷத்துக் கதை. மாமனாரின் காரியம் முடிந்து திருநின்றவூரிலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய அன்றைக்கே எடுத்த சபதம். மனைவி கஸ்தூரி வீட்டுக்கு ஒத்தைப் பெண். அம்மாவை அழைத்து வரலாமா என்று வாயைத் திறந்தாள்.

"இருக்கறது ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு. இதுல உங்கம்மாவா? அட்டர் நான்சென்ஸ்!"

அட்டர் அவருடைய செல்லச் சொல். சாம்பார் அட்டர் வேஸ்ட். கரண்ட் போனால் அட்டர் டார்க்னஸ். பக்கத்து வீட்டு உத்தமன் ஆசையாக வாங்கிய ஸ்கூட்டர் அட்டர் ஃபெயிலியர். மனுஷன் ஃபாக்டரி ஆபீசில் ஹெட் கிளார்க். லீவோ டிரான்ஸ்ஃபரோ, குவார்ட்டர்ஸில் யாருக்கு இங்கிலீஷ் மனு வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு ஏழெட்டு அட்டர் போட்டுக் கொடுப்பார். அந்தக் காபியையும் கஸ்தூரிதான் போட வேண்டும், அது வேறு கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, பின் லைன் ஜெகதாம்பாளுக்கு ஒரு மனு வேணுமாம். புருஷனை இழந்த அம்மாவைக் குவார்ட்டர்ஸ்ல கூட வெச்சுக்கணும்னு."

"ஆபீசர் பேரு?"

"தெரியலையாம். பேருங்களுக்கு எடம் விட்டு வைங்க, அவளே போட்டுக்குவா."

"சரி, மேட்டரைச் சொல்லு."

சொன்னாள். அந்தம்மா இன்னும் ரெண்டு பேருக்குத்தான் உலை வைக்குதாம். மிஞ்சினதை மறுநாள் தண்ணி ஊத்திச் சாப்பிடுதாம். ரேடியோவில் செய்தி படிக்கிறவருக்குப் பதில் சொல்லுதாம். சாயங்காலம் ஆறு மணி ரயில் சத்தம் கேட்டதும் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைக்குதாம். புருஷன் இருந்தவரை வேலை முடிந்து அந்த ரயிலில்தான் வருவாராம். இதைச் சொல்லும்போது கஸ்தூரிக்குக் கண்ணீர் வழிந்தது.

"அடுத்தவ கதைக்கு எதுக்குடி அழற?" என்றார். அவருக்கே எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது. 'அட்டர் லோன்லினஸ்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"அட்டர்னா என்னங்க?"

"முழுக்க முழுக்கன்னு அர்த்தம். துளி மிச்சமில்லாம."

"அப்ப அட்டர் சந்தோஷம்னு சொல்லலாமா?"

"சேச்சே! சந்தோஷத்துக்கெல்லாம் அது ஒட்டாது. தனிமை, இருட்டு, தோல்வி, இதுங்களுக்குத்தான் பொருந்தும்."

"அப்ப சரியான வார்த்தைதான்" என்று முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இதைப் படிச்சப்புறமும் முடியாதுன்னு சொல்றவன் மனுஷனே இல்ல. அட்டர் ராஸ்கல்!" என்று கர்ஜித்தார் சண்முகசுந்தரம். பதினேழு வருஷ ஆபீஸ் பழக்கம் பாருங்கள், கை தன்பாட்டுக்கு மனுவின் அடியில் 'ரெக்கமண்டட் அண்ட் ஃபார்வர்டட்' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டது.

மறுநாள் காலைக் காபியோடு அந்த மனு வந்தது. அனுப்புநர் இடத்தில் கஸ்தூரி. பெறுநர் இடத்தில் சண்முகசுந்தரம்.

கோபமாகத்தான் வாயைத் திறந்தார். ஒரு அட்டர்கூட வரவில்லை. அடியில் அவர் கையெழுத்தே பல்லை இளித்தது.

"ஆறு மணி ரயிலுக்குக் கதவு திறக்கறது... உங்கம்மாவா?"

ஆமென்று தலையை ஆட்டினாள். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. அவர் மனுவை இன்னொரு தடவை படித்தார். தான் எழுதியதுதான், ஆனாலும் படிக்க முடியவில்லை.

"இவ்வளவு இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடி?"

"நாலு மாசமாச் சொன்னேங்க" என்றாள் கஸ்தூரி. "தமிழ்ல சொன்னேன்."