கட்டிலடியில் என் செருப்பு

பெரிய எழுத்தாளர் வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போகிறவனுக்குக் கால் தரையில் பாவாது. போகும்போது, கவிதை எழுதுகிற எனக்கும் பாவவில்லை. திரும்பும்போது நன்றாகவே பாவியது. தேரிக்காட்டுச் செம்மணல், சித்திரை வெயில், வெறுங்கால்.

செருப்பைத் தொலைப்பதில் நான் பேர்போனவன். கோயில், கல்யாண வீடு, துக்க வீடு எதையும் விட்டுவைத்ததில்லை (துக்க வீட்டில் போய்த் தேடவும் முடியாது). கடைசியாக என் மனைவி செல்வி ஒரு தோல் செருப்பு வாங்கித் தந்தாள். வார் அறுந்தபோது தன் கையாலேயே சிவப்பு நூலால் தைத்தும் கொடுத்து, "இதையும் தொலைச்சிட்டு வந்தீயன்னா வாசல்லயே நில்லுங்க" என்றாள்.

அதனால்தான் பெரியதாழைக்குப் போகும் வழியில் இருக்கிற அந்த நினைவில்லத்தில், செருப்பை எங்கே விடலாம் என்று காவலர் அண்ணாச்சியிடம் கேட்டேன். வாசலில் விட்டால் நாய் தூக்கிவிடும், உள்ளே ஓரமாக வையுங்கள் என்றார். எனக்குத் தெரிந்த ஓரம், எழுத்தாளரின் கட்டிலடி.

பிறகு செருப்பை மறந்தேன். உலகத்தையே மறந்தேன். அவர் எழுதிய மேசை. மரத்துக்குள் இறங்கி ஊறிப்போன மைக்கறை. ஜன்னலுக்கு வெளியே பனைகள், பனைகளுக்கு அப்பால் கடலின் இரைச்சல். இந்த இரைச்சலைத்தானே வரிவரியாக இறக்கிவைத்தார் என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது. மூச்சுவிடவே கூச்சமாக இருந்தது.

அப்போது ஒரு டீச்சர் பள்ளிப் பிள்ளைகளோடு உள்ளே வந்தார். கட்டிலடியைப் பார்த்தார். குரல் தழுதழுத்தது.

"பாருங்க பிள்ளைகளா. ஐயா இதைப் போட்டுக்கிட்டுத்தான் தேரி முழுக்க நடந்திருக்காவ."

குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பிள்ளைகள், வரிசையாக. ஒருத்தி மட்டும், ஏன் டீச்சர் இம்புட்டு நாறுது என்றாள்.

"எம்புட்டு நடந்த காலு, ஏளா" என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அந்தக் கண்ணீர் எழுத்தாளருக்குச் சேர வேண்டியது. நடுவில் புகுந்து, அது என் செருப்பு என்று எப்படிச் சொல்வது? காவலர் அண்ணாச்சி என் காலைப் பார்த்தார், கட்டிலடியைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார். அவர்கள் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்று நின்றேன். டீச்சரோ பிள்ளைகளை அங்கேயே உட்காரவைத்துச் செருப்பைப் படம் வரையச் சொல்லிவிட்டார். வெளியே, நான் ஊர் திரும்ப வேண்டிய முத்தையாபுரம் பஸ் ஹாரன் அடித்தது. அதைத் தவறவிட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை. சுடுமணலில் குதித்துக் குதித்து ஓடினேன்.

செல்வி சொன்னபடியே வாசலில் நிறுத்தினாள். நடந்ததைச் சொன்னேன், நம்பவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவளையே கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலடியில், டீச்சரின் பள்ளிக்கூடம் செய்துகொடுத்த கண்ணாடிப் பெட்டி. 'ஐயா அணிந்த காலணிகள்' என்று அட்டை. உள்ளே அவள் போட்ட சிவப்பு நூல்.

கேட்டு வாங்கிவிடலாமா என்று காதோரம் கேட்டேன்.

"சும்மா இருங்க" என்றாள். "நீங்க தொலைச்சதுலயே உருப்படியான எடத்துக்குப் போனது இது ஒண்ணுதான்."

இன்றும் பதிப்பாளர் யாராவது என் கவிதைகளைத் திருப்பி அனுப்பினால், செல்வி காபியை நீட்டியபடி சொல்வாள்:

"விடுங்க. மொதல்ல காலு அந்தப் பெட்டிக்குள்ள போயிருக்கு. எழுதுற கை பொறவு போகும்."