டிக்கியில் படுத்தவர்

கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் காது உள்ள மனிதர் ஒருவர்தான் இருந்தார். மற்றவர்களுக்கு முகத்தின் இரண்டு பக்கமும் தொங்கியது வெறும் சதை. இதை எந்த மெக்கானிக்கின் முகத்துக்கு நேராகவும் சொல்வேன்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. டிக்கிக்காரர் என்போம். இரும்பு ஆலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வரும் சத்தத்துக்கு வைத்தியம். பானெட்டைத் தொடவே மாட்டார். டிக்கியில் ஏறி, ஜாக்கி மேல் தலை வைத்துப் படுத்து, “மூடிட்டு ஓட்டு” என்பார். உள்ளிருந்து ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு என்றால் வேகமாக, மூன்று என்றால் நிறுத்த வேண்டும். ஒருமுறை உள்ளேயே தூங்கிவிட்டார். கார்க்காரன் அவரை மறந்து, குடும்பத்தோடு பெரியபாளையம் போய், தேங்காய்ப் பையை எடுக்க டிக்கியைத் திறந்தான். அவன் மாமியார் மயங்கி விழுந்தாள். டிக்கிக்காரர் எழுந்து சொன்னது: “பின் சக்கரத்து பேரிங்கு. மாத்திடு.”

எழுபதுகளின் நடுவில் நான் ஆலை வேலையை விட்டுவிட்டு, வாடகைக்கு ஓட்ட ஒரு பழைய கார் வாங்கினேன். நாற்பது மைலைத் தொட்டால் உள்ளே தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை. மூன்று மெக்கானிக்குகள் கழற்றி மாட்டினார்கள். மழை நிற்கவில்லை. பொன்னேரியில் ஒரு டாக்டரம்மா, கிராமம் கிராமமாகப் பிரசவம் பார்க்கப் போகிறவர், தினமும் என் காரை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒருநாள் ஏறிப் பார்த்தார்.

“நர்ஸ் சொல்றது ஒண்ணும் காதுல விழல. திங்கட்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா வேற வண்டி பாத்துக்கறேன்.”

அது போனால் எனக்குப் பிழைப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிக்கிக்காரரை ஏற்றி மூடினேன். ஆரம்பாக்கம் தாண்டி வடக்கே போய்த் திரும்பினேன். வழியில் சோதனைச் சாவடி. நம் பக்கம் சாராயக் கடைகளை மூடியிருந்த சமயம், ஆந்திராவிலிருந்து வரும் வண்டிகளையெல்லாம் குடைவார்கள். ஏட்டு குனிந்தார்.

“டிக்கில இன்னா?”

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து இரண்டு தட்டு. வேகமாகப் போகச் சொல்கிறார் மனிதர்.

ஏட்டு டிக்கியைத் திறந்தார். டிக்கிக்காரர் படுத்தபடியே முறைத்தார்.

“மூடு ஏட்டையா. கண்டுபுடிக்கிற நேரத்துல பேஜாரு பண்ணிக்கினு.”

“எறங்குடா கீழ.”

இறங்கியவர் டிக்கி விரிப்பைத் தள்ளி, ஜாக்கிக் கம்பியால் தரையைக் குத்தினார். டொம் என்றது.

“கேட்டியா நைனா? தகரத்துக்கு அடியில இன்னொரு தகரம். நடுவுல காலி. இதான் கத்துது.”

ஓரத்தை நெம்பினார். உள்ளே காய்ந்துபோன ஒரு டயர் டியூப். அதன் வாடையிலேயே, எனக்குக் காரை விற்றவன் என்ன தொழில் செய்தான் என்று தெரிந்துவிட்டது. ஏட்டுக்கும் தெரிந்தது.

“சாராய டியூபு. வண்டி ஸ்டேஷனுக்குப் போவுது.”

“நான் வாங்கினதே போன மாசம்தான்” என்று உளறினேன். டிக்கிக்காரர் உளறவில்லை.

“ஏட்டையா, கடத்துறவன் ஊருக்கே கேக்கற மாதிரி வருவானா? சத்தம் போவலன்னு இந்த ஆளு ஒரு மாசமா மூணு மெக்கானிக்கு கால்ல உழுந்துக்கினு இருக்கான். நம்பலன்னா படுத்துக் கேளு.”

“நானா?”

“காது இருக்குதில்ல?”

ஏட்டு தொப்பியைக் கழற்றி கான்ஸ்டபிளிடம் கொடுத்துவிட்டு, தொப்பையை மடக்கிப் படுத்தார். கான்ஸ்டபிள் என் பக்கத்தில் உட்கார்ந்தான். நாற்பது மைலைத் தொட்டேன். பின்னாலிருந்து முப்பது தட்டு. திறந்தபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார் ஏட்டு.

“இத்த வெச்சிக்கினு எவன்யா கடத்துவான்?”

விற்றவன் பெயரை எழுதிக்கொண்டு, தகரத்தையும் டியூபையும் எடுத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டார். திரும்பும்போதும் டிக்கிக்காரர் முன் சீட்டில் உட்கார மறுத்துவிட்டார். கும்மிடிப்பூண்டி வரை டிக்கிக்குள் அவர் முணுமுணுத்த பாட்டு எனக்குத் தெளிவாகக் கேட்டது.

திங்கட்கிழமையன்று, முதல் ரயில்வே கேட் வருவதற்குள் டாக்டரம்மா பின் சீட்டில் தூங்கிவிட்டார். நான் வேண்டுமென்றே மூன்று மெக்கானிக் கடை வாசலிலும், அவர் தூங்குவது தெரியும்படி காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.

இனி எந்தச் சத்தத்துக்கும் அவர்தான் என்று, அந்த வாரமே ஒரு தலையணை வாங்கி டிக்கியில் போட்டேன். “பஞ்சு காத அடைக்கும்யா, மடையா” என்று டிக்கிக்காரர் வெளியே எறிந்தார். எறிய எறிய நானும் எடுத்துப் போட்டேன்.

பல வருஷம் கழித்து அந்தக் காரை விற்றபோது, வாங்கியவன் டிக்கியில் தலையணை எதற்கு என்று கேட்டான். உனக்கெதற்கு அதெல்லாம் என்று சொல்லிவிட்டு, அதை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன்.