சண்டைப் படத்துக்கு வேப்பிலை

ஒரு ஆம்பிளை ஆயுசில் ஒரு தடவையாவது பெண்டாட்டியைப் பேச்சில் ஜெயிக்க வேண்டாமா? அந்த வெள்ளிக்கிழமை ஜெயித்தே தீருவது என்று நாகரத்தினம் முடிவு கட்டிவிட்டார். ஐயோ பாவம், ஜெயித்தும் விட்டார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

சம்பளம் போட்ட சனிக்கிழமை ஷம்சுதீன் பாய் வேனில் மெஷினை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் படம் காட்ட வருவார். கொண்டுவருவது இரண்டு படம், போடுவது ஒன்று. எது என்று சொல்ல வேண்டியவர் படக் கமிட்டிச் செக்ரட்டரி நாகரத்தினம். இந்த மாதம் ஒன்று சீனத்துச் சண்டைப் படம், மற்றது அம்மன் படம். ஆம்பிளைகளுக்குச் சண்டை வேண்டும், பொம்பளைகளுக்கு அம்மன் வேண்டும். பொம்பளைகளுக்குத் தலைவி யார் என்கிறீர்கள்? செக்ரட்டரியின் சொந்தப் பெண்டாட்டி வேலாயி!

"சண்டைப் படம் போடலேன்னா ஒன்ன கமிட்டியிலேருந்து தூக்கிருவோம்லா" என்று பக்கத்து வீட்டு மாடசாமி சொல்லிவிட்டார். பதவி போனால் மைதானத்தில் முன்வரிசை நாற்காலியும் போகும். வீட்டில்தான் மரியாதை இல்லை, வெளியிலாவது வேண்டாமா?

வேலாயி கொழுந்துக் கூடையை இறக்குவதற்குள் ஆரம்பித்தார்.

"புள்ள, ரெண்டு படமும் ஒண்ணுதான், தெரியுமா?"

"எப்படிங்க? அதுல சீனன் குட்டிக்கரணம் போடுறான். இதுல ஆத்தா வர்றா."

"நீ மேலாப்ல பாக்குற! அதுல வெள்ளத்தாடி குரு, இதுல வெள்ளத்தாடி சாமியாரு. அவன் ஒத்தக் கால்ல நின்னு வித்தை படிக்கிறான், இவ ஒத்தக் கால்ல நின்னு தவம் பண்றா. அவன் கையில கம்பு, ஆத்தா கையில சூலம். நல்லவங்க அடி மேல அடி வாங்கி, கடைசி ரீல்ல கெட்டவன் காலி! பாஷைதான் வேற."

வேலாயி தாடையில் கைவைத்து யோசித்தாள்.

"அட, ஆமாங்க! இன்னொண்ணும் இருக்கு. ரெண்டுலயும் கெட்டவன் மொத ரீல்லயே பெருசாச் சிரிச்சிருவான்."

"அப்படிச் சொல்லு!" என்று லயத்து வீடுகளே அதிரச் சிரித்தார் நாகரத்தினம்.

"ஒண்ணுன்னா அப்புறம் என்ன, சண்டைப் படமே போடுங்க. பொம்பளைங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பூரிப்பில் கறிக்குக் காசை எடுத்து நீட்டினார். "நாளைக்கு ஆட்டுக்கறிப் பெரட்டல்! பீரு போத்தல் ரெண்டு வாங்கி வெச்சிருக்கேன்."

வேலாயி காசை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்து மூக்கை நீட்டிக்கொண்டே வந்தவருக்குச் சாம்பார் வாசனை அடித்தது. வாசலில் வேப்பிலைக் கொத்து. இந்தக் குளிர் மலையில் வேப்பமரம் ஏது? பக்கத்துத் திரிங்காப் ஊர்க் காய்கறி லோரிக்காரரிடம் சொல்லிவிட்டு, மலைக்குக் கீழே ஈப்போ டவுனிலிருந்து வரவழைத்திருக்கிறாள் மகராசி.

"என்ன புள்ள இது?"

"சாமி படம் பாக்கப் போறோம்லா? கவிச்சி ஆவுமா?"

"அது சண்டைப் படம்!"

"ரெண்டும் ஒண்ணுன்னீங்களே. போத்தலப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டேன். செருப்பக் கழட்டுங்க, சாமி முன்னாடி செருப்பா?"

மைதானத்துக்குப் போனால் கூத்து இன்னும் பெரிது. திரைக் கம்பங்களில் வேப்பிலை. செக்ரட்டரி நாற்காலியில் அம்மன் படம், அதற்கு மாலை, எதிரே கற்பூரம். பனி இறங்கிய புல்லில் ஆம்பிளைகள் வெறுங்காலோடு, குளிர் தாங்காமல் காலை மாற்றி மாற்றித் தூக்கி, ஒற்றைக் காலில் தவம் செய்துகொண்டிருந்தார்கள்.

"யோவ் செக்ரட்டரி!" மாடசாமிக்குப் பல் கிட்டியது. "எல்லா வீட்லயும் சாம்பாருய்யா! ரெண்டும் வேற வேறன்னு சொல்லித் தொலைய்யா!"

நாகரத்தினம் வேன் படியில் ஏறி நின்று தொண்டையைச் செருமினார். "எல்லாரும் கேளுங்க! சண்டைப் படம் வேற, சாமி படம் வேற. ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. வெரதம் வேணாம்!"

ஆம்பிளைகள் விசிலடித்தார்கள். நாலு பேர் செருப்பெடுக்க வீட்டுக்கு ஓடினார்கள். அப்போதுதான் வேலாயி எழுந்தாள்.

"கேட்டீங்களா? வேற வேறயாம்! ஒண்ணுன்னு சொன்னதுக்குத்தான் நாங்க விட்டுக் குடுத்தோம். வேறன்னா எங்களுக்கு ஆத்தாதான் வேணும். வெரதம் இருந்து, கற்பூரம் ஏத்திட்டோம். இதுக்கு மேல ஆத்தா வேண்டாம்னு சொல்ற ஆம்பிள யாரு? முன்னால வாங்க பாப்போம்!"

யார் வருவார்? ஷம்சுதீன் பாய் நைசாகச் சண்டைப் படப் பெட்டியை மூடினார். "எனக்கு எதுக்கு செக்ரட்டரி வம்பு? கற்பூரம் வேற எரியுது."

நாகரத்தினம் பெண்டாட்டி பக்கத்தில் புல்லில் குந்தினார். "படம்தான் போச்சு. வீட்டுக்குப் போயி கறியாவது..."

"இப்பத்தானே நெசமாவே சாமி படம்? கறிக் காசு வேப்பிலைக்கும் தேங்காய்க்கும் சரியாப் போச்சு."

விளக்கு அணைந்தது. திரையில் அசுரன் வந்தான். இடுப்பில் கைவைத்து, மலையே அதிரச் சிரித்தான்.

வேலாயி முழங்கையால் ஒரு இடி இடித்தாள். "பாத்தீங்களா, மொத ரீல்லயே சிரிக்கிறான்."