முப்பத்தொன்பதாம் வளைவில் நான் பேசிய இத்தாலியம்

கற்றவன் என்று ஊரார் நம்பத் தொடங்கிய பிறகு, 'தெரியாது' என்று சொல்ல ஒருவனுக்கு வாய் எழுவதில்லை. எனக்கு எழவில்லை. அந்த எளிய தமிழ்ச் சொல்லை உரிய நேரத்தில் சொல்லியிருந்தால், என் பேத்தி பிறந்த அன்று நான் மிலான் நகரில் இருந்திருப்பேன். சொல்லாமையால், கொல்லிமலையில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தேன்.

மலைமேல் உள்ள உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் ஒரே மகள் தேன்மொழி, கணவரோடு இத்தாலியில் வாழ்கிறாள். அவள் கருவுற்ற செய்தி வந்ததும், நானும் என் மனைவி பழனியம்மாளும் மகப்பேற்றுக்குச் சென்று மூன்று திங்கள் உடனிருப்பது என்று முடிவாயிற்று.

"இங்க கடை கண்ணியில எல்லாம் இத்தாலியன்தாங்கப்பா. நாலு வார்த்தை தெரிஞ்சுக்கிட்டு வந்தா நல்லது" என்று சொல்லி, பயணிகளுக்கான சொற்றொடர் நூல் ஒன்றை மகள் அனுப்பிவைத்தாள்.

நான்கு சொல் அவளுக்குப் போதும். எனக்குப் போதுமா? நானூறு கற்பதென்று உறுதி பூண்டேன். கால அட்டவணை ஒன்று வகுத்தேன். திங்கட்கிழமை விடுதி, செவ்வாய் தொடர்வண்டி நிலையம், புதன் நோயும் மருத்துவமும், வியாழன் தொலைந்த பொருள்கள், வெள்ளி உணவகம். கிரந்த எழுத்துகளை என் ஏட்டில் நான் நுழையவிடுவதில்லை ஆதலால், எல்லாவற்றையும் தூய தமிழ் எழுத்துகளிலேயே எழுதிப் பயின்றேன். (அவ்வாறு தூய்மை செய்யப்பட்ட இத்தாலியத்தை இத்தாலியரே அடையாளம் காண்பார்களா என்னும் ஐயம் அன்று எனக்குத் தோன்றவில்லை.) நாள்தோறும் விடியலில் மிளகுக்கொடிகளுக்கு இடையே நடந்தபடி, "தொடர்வண்டி எந்த நடைமேடையிலிருந்து புறப்படும்?" என்று இத்தாலியத்தில் முழங்குவேன். களை பறிக்க வந்தவர்கள் "ஆமாங்க, ஆமாங்க" என்று மறுமொழி தந்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்கள்.

ஆறு திங்கள் பயின்றும் ஒரு குறை தீரவில்லை. குளிக்கும் வழலைக்கட்டிக்கும் கரண்டிக்கும் குடைக்கும் சொல் தந்த அந்நூலில், 'என் மகளைப் பார்க்க வந்திருக்கிறேன்' என்னும் தொடர் எங்கும் இல்லை. அதை இயற்றியவருக்கு இத்தாலியில் உறவினர் எவரும் இல்லை போலும்.

நுழைவிசைவுக்கு (விசா என்றால்தான் உங்களுக்கு விளங்கும்) விண்ணப்பம் எழுதும் நாள் வந்தது. 'தெரிந்த மொழிகள்' என்னும் இடத்தில், தமிழ், இத்தாலியம் என்று எழுதினேன். எட்டிப் பார்த்த பழனியம்மாள், "ஏனுங்க, இங்கிலீசு எழுதலீங்களா?" என்றாள்.

"அயல்மொழியை நான் ஏன் எழுத வேண்டும்?"

"அப்ப இத்தாலி என்ன உங்க அம்மா ஊட்டுப் பாசையா?"

இவ்வகை வினாக்களுக்கு விடை கூறுவது என் வழக்கமன்று. தன் படிவத்தில் அவள் 'தமிழ்' என்று மட்டும் எழுதுவித்தாள். இருவரும் சென்னைக்குச் சென்று படிவங்களைக் கொடுத்தோம். தேவைப்பட்டால் கைப்பேசியில் அழைப்பதாகக் கூறி அனுப்பினார்கள்.

அந்த அழைப்பு ஒரு வியாழக்கிழமை வந்தது. கம்பளிச் சட்டை வாங்குவதற்காக நாங்கள் நாமக்கல்லுக்குப் பேருந்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் மலைப்பாதைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுள் முப்பத்தொன்பதாம் வளைவில் மட்டும் கைப்பேசிக்கு அலைத்தொடர்பு தெளிவாகக் கிடைக்கும். அடுத்த வளைவில் அறவே அறுந்துவிடும். ஆகவே அவ்விடத்தில் எவருக்கேனும் முதன்மையான அழைப்பு வந்தால், பேசி முடிக்கும்வரை வண்டியை நிறுத்திவைப்பது எங்கள் ஓட்டுநர்களின் வழக்கம். எத்தனையோ திருமணங்களும் மிளகு விலைகளும் அவ்வளைவில்தான் முடிவாகியிருக்கின்றன.

கைப்பேசியை எடுத்தேன். ஓர் இளம்பெண்ணின் குரல்: "வணக்கங்கய்யா. இத்தாலி விசா விசயமா பேசுறோம்."

நடத்துநர் கந்தசாமி என் பழைய மாணவன். 'இத்தாலி' என்னும் சொல் அவன் செவியில் விழுந்துவிட்டது.

"அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க! வாத்தியாரய்யாவுக்கு இத்தாலியில இருந்து போனு!"

ஓட்டுநர் வண்டியை நிறுத்தியதோடு பொறியையும் அணைத்தார். கோழிக்கூடை கொண்டுவந்திருந்த ஒருவர் அதன்மேல் துண்டைப் போட்டு மூடி, கோழிகளையும் அடக்கினார். எல்லாரும் கேட்கும்படி கந்தசாமி என் கைப்பேசியின் ஒலிபெருக்கியை இயக்கினான். பலாப்பழ மூட்டைகளுக்கு மேலாக நாற்பது முகங்கள் என்னை நோக்கித் திரும்பின.

"இத்தாலியன் தெரியும்னு எழுதியிருக்கீங்க. அதிகாரியம்மா பக்கத்துல இருக்காங்க. அவங்க இத்தாலியன்லயே கேட்கட்டுமா, இல்ல நான் தமிழ்ல கேட்கட்டுங்களா?"

பழனியம்மாள் என் தொடையைக் கிள்ளினாள். "தமிழ்லயே கேக்கச் சொல்லுங்க."

"அட, இத்தாலியிலயே கேக்கச் சொல்லுங்க வாத்தியாரே!" என்றது பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல். "நாங்க அதையெல்லாம் எப்பக் கேக்கறது?"

வாழ்வில் ஒருவனுக்கு இத்துணைத் தெளிவாக இரண்டு வழிகள் காட்டப்படுவது அரிது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இத்தாலியத்திலேயே வினவட்டும் அம்மா" என்றேன்.

அதிகாரியம்மாள் வினவினார். மலையருவி தலையில் விழுந்தது போல் இருந்தது. 'நாள்கள்' என்னும் ஒரே ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. (எத்தனை நாள் தங்குவீர்கள் என்பதே கேள்வி என்று, என் காதில் தங்கிய ஒலிகளைக் கொண்டு மகள் பின்னாளில் விளக்கினாள்.) நாள்கள் என்றதும் திங்கட்கிழமைப் பாடம் நாவில் எழுந்தது.

"வொர்ரெய் ஊனா கமெரா பெர் தூவே நொத்தி!" என்றேன் உரத்த குரலில். இரண்டு இரவுகளுக்கு ஓர் அறை வேண்டும் என்பது இதன் பொருள். மகள் வீட்டில் தொண்ணூறு நாள் தங்குவேன் என்று படிவத்தில் எழுதியிருந்தேன்.

"அடேங்கப்பா!" என்றது பின்னிருக்கை.

அடுத்து, யாருடன் வருகிறீர்கள் என்று கேட்டாராம். "வியாச்சோ தா சோலோ" என்றேன். நான் தன்னந்தனியே பயணம் செய்கிறேன். என் தொடையைக் கிள்ளிய கை இன்னும் அங்கேதான் இருந்தது.

இறுதியாக, வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டாராம். அன்று வியாழக்கிழமை என்பதை நீங்கள் நினைவிற்கொள்ள வேண்டும். காலையில் பயின்ற பாடம் நாவின் நுனியிலேயே காத்திருந்தது. ஒரு பிழையும் இன்றி, முழு உணர்ச்சியோடு, என் கடவுச்சீட்டு தொலைந்துவிட்டது என்று இத்தாலியத்தில் அறிவித்தேன்.

பேருந்தில் கைதட்டல் எழுந்தது. கோழிகளும் துண்டை மீறிக் கூவின.

"அய்யா," என்றது பழைய தமிழ்க்குரல், மிக மென்மையாக. "போனை அம்மாகிட்டக் கொஞ்சம் குடுக்குறீங்களா?"

பழனியம்மாள் கைப்பேசியை இரு கைகளாலும் வாங்கினாள்.

"எதுக்காகப் போறீங்கம்மா?"

"புள்ளைக்குத் தலைப்பிரசவமுங்க சாமி. பத்தியம் வெச்சுக் குடுத்து, கொழந்தைக்கு மூணு மாசம் தண்ணி வாத்துட்டு வந்தர்றேனுங்க. இங்க மாடு கன்னு கெடக்குதுங்க, அங்க இருக்க முடியாதுங்க."

அவ்வளவுதான். அந்தப் பெண் சிரித்து, "நல்லபடியா போயிட்டு வாங்கம்மா" என்றாள். அன்று ஓட்டுநர் என்மீது சற்றே அன்பு குறைந்தவராக இருந்து ஒரே ஒரு வளைவு வண்டியை ஓட்டியிருந்தால், தொடர்பு அறுந்து நான் பிழைத்திருப்பேன்.

இரண்டு கிழமை கழித்து இரண்டு உறைகள் வந்தன. அவளுக்கு இசைவு. எனக்கு மறுப்பு: தங்கும் காலமும் நோக்கமும் தெளிவாக இல்லை. அதிகாரியம்மாள் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவ்விடைகளைக் கேட்டால் நானே என்னை நாட்டுக்குள் விடமாட்டேன்.

வானூர்தி நிலைய வாயிலில், நானூறு தொடர்களையும் பழனியம்மாளிடம் ஒப்படைக்க முயன்றேன். "தண்ணிக்கு என்னன்னு கேக்கோணும்? அத மட்டுஞ் சொல்லுங்க" என்றாள். "ஆக்குவா" என்றேன். "அது ஒண்ணு போதுங்க. மத்ததுக்குப் புள்ளை இருக்கறா." கண்ணாடிக் கதவு அவளை வாங்கிக்கொண்டது. என் வாழ்நாளில் முதன்முறையாக, கற்ற கல்வி முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு வாயிலுக்கு வெளியே நின்றேன்.

அந்த மூன்று திங்களும் நான் பாடத்தை விடவில்லை. போகாத நாட்டின் தொடர்வண்டி நிலையத்தில் ஒவ்வொரு செவ்வாயும் பயணச்சீட்டு வாங்கினேன். வெள்ளிதோறும் சாளரத்தருகே இருவருக்கான மேசை கேட்டேன். பேத்தி பிறந்த செய்தி வந்த காலையில், 'அவள் யாரைப் போல் இருக்கிறாள்?' என்பதற்கு இத்தாலியம் தேடி நூலை முதலிலிருந்து முடிவுவரை புரட்டினேன். மகளிடம் தமிழிலேயே கேட்டிருக்கலாம் என்பது நெடுநேரம் கழித்தே உறைத்தது.

மறு ஆண்டும் விண்ணப்பித்தேன். முந்தைய மறுப்பைக் காட்டி மீண்டும் மறுத்தார்கள். மகளோ கோடைதோறும் "இந்த வருசம் வந்தர்றோம்பா" என்கிறாள். விடுப்பு வாய்ப்பதில்லை. பேத்திக்கு இப்போது நான்கு வயது. அவளை நான் இன்னும் தூக்கியதில்லை.

ஆயினும் எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. தாய் சொல்லிய கதையைக் கேட்டு அவளே அமைத்தது. ஞாயிறுதோறும் கைப்பேசித் திரையில் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, அதிகாரியம்மாளாக மாறி, எத்தனை நாள் தங்குவீர் என்று இத்தாலியத்தில் அதட்டுவாள். நான் நடுங்கிக்கொண்டே "தூவே நொத்தி" என்பேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். என் முதுகுக்குப் பின்னால் பழனியம்மாளும் சிரிப்பாள், ஒவ்வொரு முறையும் சலிக்காமல்.

சென்ற ஞாயிறும் பேத்தி அதட்டினாள். நானும் இரண்டு இரவு என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"பத்தாது, அப்புச்சி" என்றாள் தமிழில்.

"அப்ப எத்தனைங்க கண்ணு வேணும்?"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். விரல்களைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த தாயின் கையையும் இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் கைகளோடு சேர்த்து வைத்தாள்.