இருபத்தொரு தட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும்

மதிப்பிற்குரிய திரு. அங்கமுத்து அவர்களுக்கு,

சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கிலிருந்து சேதுபதி எழுதுவது. சம்பந்தி என்றுதான் விளித்திருப்பேன். அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் ‘திரு’ போட்டிருக்கிறேன். மலேசியப் பக்கம் ஜோகூர் பாருவில் தாங்களும் தங்கள் துணைவியார் பஞ்சவர்ணம் அம்மாளும் மகன் கபிலனும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே என் இரத்த அழுத்தத்தைத் தவிர எல்லோரும் நலம்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டில் என் மகள் தாரணிக்கும் கபிலனுக்கும் நடக்கவிருந்த நிச்சயதார்த்தம் தட்டு மாற்றாமலேயே நின்றுபோனதற்கு நான்தான் காரணம் என்று தாங்கள் ஊரெல்லாம் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டேன். நன்றாக இருக்கிறது நியாயம். சீர்த்தட்டு ஒன்பது போதும் என்று போனில் பேசி முடித்தோமா இல்லையா? பேசி முடித்தால் அது ஒப்பந்தம். பிறகு தங்கள் தம்பி இளமாறன் சீனாவின் குவாங்சோவிலிருந்து ஜிகினா வைத்த தட்டுகளாக இறக்கியிருக்கிறார், பதினொன்று வருகிறது என்று என் காதில் விழுந்தது. நான் சமூக மன்றத்தில் மூத்தோர் வட்டத்துக்கு சிங்கப்பூரின் வெளியுறவு வரலாற்றைத் தொடர் உரையாகச் சொல்லி வருகிறவன். சின்ன நாடு யாரையும் வம்புக்கு இழுக்காது, ஆனால் விழுங்க வந்தவன் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று மேடையில் பேசிவிட்டு, வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? பதிமூன்று என்றேன். தாங்கள் பதினைந்து என்றீர்கள். அதற்குள் சிகாகோவில் இருக்கும் என் மைத்துனன் ரகுபதி வீடியோவில் வந்து, “அவங்க பதினஞ்சுன்னா நாம இருபத்தொண்ணு மாமா, பின்னாடி நான் இருக்கேன்” என்றான். சாக்லேட் எல்லாம் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும் என்று அவன், பூத்தோரணம் எல்லாம் சீனாவிலிருந்துதான் என்று தங்கள் தம்பி. இரண்டு பேரும் தனித்தனியாகக் கூப்பிட்டு, “நீங்க யாரு பக்கம்?” என்று கேட்டார்கள். நான் யார் பக்கமும் இல்லை, தாரணி பக்கம் என்றேன். அதற்கும் இரண்டு பேருக்கும் கோபம்.

இருபத்தொரு தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாட்டுக்கும் நடுவே உட்லண்ட்ஸ் பாலத்து நெரிசலில் நாங்கள் மணிக்கணக்காக நின்றது எங்களுக்குத்தான் தெரியும். விடியற்காலையில் தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகை பாலத்திலேயே வாடிவிட்டது. வாழைப்பழம் கறுத்துவிட்டது. குடிநுழைவுச் சாவடியில் இருந்த அதிகாரி வேனுக்குள் எட்டிப் பார்த்து, கல்யாணமா, கடை திறக்கப் போகிறீர்களா என்று மலாய் மொழியில் கேட்டார். அவ்வளவு பாடுபட்டு வந்து சேர்ந்தால், தாங்கள் எல்லோர் முன்னாலும் மைக்கை நீட்டி, “ரெண்டு வார்த்தை பேசுங்க சார்” என்கிறீர்கள். பேசினேன். அறுபத்துமூன்றில் இந்தோனேசியாவோடு இருந்த மோதலிலிருந்து ஆரம்பித்தது உண்மைதான். வேறு எங்கிருந்து ஆரம்பிப்பது? அறுபத்தைந்தில் இரண்டு நாடும் பிரிந்ததைச் சொன்னால்தானே இன்று இரண்டு குடும்பம் சேர்வதன் அருமை தெரியும்? அறுபத்தேழில் ஐந்து நாடுகள் ஆசியான் என்று ஒன்றாக உட்கார்ந்ததைச் சொல்லி, வெள்ளைக்காரன் படையைக் காலி செய்துகொண்டு போனதற்கு வந்து, அடுத்து மணமக்களை வாழ்த்தப் போகிறேன், அப்போது தாங்கள் எழுந்து வந்து டம்ளரை என் முன்னால் வைக்கிறீர்கள்.

“தொண்ட காஞ்சிருக்கும், இந்தாங்க, எங்க ஊரு தண்ணி. இதக் குடிச்சித்தானே உங்க ஊரே நிக்குது லா.”

கூடம் முழுக்கச் சிரிப்பு. என் சொந்தக்காரர்களே சிரித்தார்கள். “அதச் சுத்தம் பண்ணி உங்களுக்கே திருப்பி அனுப்புறது யாரு?” என்று நான் கேட்டது தப்பா? தாங்கள் ஜோகூர் எங்களுக்குத் தண்ணீர் விற்கும் அறுபத்திரண்டு ஒப்பந்தத்தின் விலையை இழுத்தீர்கள், நான் பெட்ரா பிராங்காவை இழுத்தேன். கடலில் இருக்கும் ஒரு பாறைக்காக ஹேக் நகர நீதிமன்றம் வரைக்கும் போய், பெரிய பாறை எங்களுக்கு, பக்கத்துப் பாறை உங்களுக்கு என்று தீர்ப்பு வாங்கிக்கொண்டு மரியாதையாகத் திரும்பி வந்த நாடுகள் இவை. அந்த நாடுகளில் பிறந்த நாம் இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினோம். அந்தத் தண்ணீரை நான் தொடவில்லை. தொண்டை எரிய எரிய, ஒரு வாய் குடிக்காமல் பாலம் தாண்டி வந்தேன்.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். கல்யாணம் இந்தப் பக்கம்தான் நடக்க வேண்டும். குடித்தனமும் இந்தப் பக்கம்தான். கபிலனுக்கு வேலை இங்கேதானே, வீடு மட்டும் எதற்கு அங்கே? வேலை முடிந்து வந்ததும் கதவைத் திறந்து “அப்பா, சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிற பிள்ளை என் தாரணி. தட்டுக்கும் தண்ணீருக்கும் நான் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று தாங்கள் நினைத்தால் தங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம். என் மகளைப் பார்க்க நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டுமா? அதற்குப் பதில் சொல்லுங்கள் முதலில். சரியான பதில் வரும்வரை நான் அந்தப் பாலத்தில் கால் வைக்கப் போவதில்லை.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி. தங்கள் தம்பி இளமாறனுக்கு இரண்டும் கிடையாது.

இப்படிக்கு,
தன்மானத்துடன்,
சேதுபதி

பின்குறிப்பு: சம்பந்தி அவர்களே, உறையை ஒட்டப் பசை தேடிச் சாமி அலமாரியைத் திறந்தேன். தங்கள் வீட்டிலிருந்து திரும்ப எடுத்து வந்துவிட்டதாக நான் நினைத்த எங்கள் வெள்ளித் தாம்பூலத் தட்டு அங்கே இல்லை. அந்த இடத்தில் தங்கள் பெயர் பொறித்த பித்தளைத் தட்டு, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு அப்படியே இருக்கிறது. இது எப்படி வந்தது என்று என் மனைவி ரத்தினம்மாவைக் கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் தண்ணிக்குச் சண்ட போட்டுக்கிட்டு இருந்தப்பவே நானும் பஞ்சவர்ணமும் அடுப்படியில மாத்திக்கிட்டோம். நல்ல நேரம் முடியப் போச்சு, உங்களுக்காக யாரு காத்துக்கிட்டு இருப்பா?” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். தங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு வாடகை வீடு பார்ப்பது வரைக்கும் இருவரும் தினமும் போனில் பேசி முடித்திருக்கிறார்கள். ஆக, ஒரு வாரமாக நாம் சம்பந்திகள். நம் இருவருக்கும்தான் தகவல் வரவில்லை. ஆகவே மேலே எழுதியதில் பாஸ்போர்ட் பற்றிய வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். மாதம் இரண்டு தடவையாவது தாரணியை இங்கே அனுப்பி வையுங்கள். மற்ற வாரங்களில் வரிசையில் நான் நின்றுகொள்கிறேன். வருகிற சனிக்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம், தட்டு ஒன்றும் இல்லாமல். குடிக்கத் தண்ணீர் மட்டும் எடுத்து வையுங்கள்.