அக்கா வீட்டில் ஒரு சமாதானப் பயிற்சி

துப்பாக்கியால் ஆகாததை ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் ஆக்கிக் காட்டும் என்று உலகுக்கு நிரூபித்த பெருமை எங்கள் பயிற்சி வகுப்பையே சாரும். சண்டை ஓய்ந்த ஊர்களில் ராணுவத்தினரும் சிவிலியன்களும் எப்படிப் பேசித் தீர்த்துக்கொள்வது என்பதே பாடம். நிவாரண அலுவலக எழுத்தரான என்னையும் மதித்து அழைத்திருந்தார்கள். டை கட்டிக்கொண்டு போனேன். குறுக்கே பேசாமல் இருக்க அது பேருதவி செய்தது.

வகுப்பு நடந்தது என் அக்காவின் வீட்டில். சண்டையின்போது ராணுவம் 'தற்காலிகமாக' எடுத்துக்கொண்ட வீடு அது. சண்டை முடிந்துவிட்டது, தற்காலிகம் முடியவில்லை. படுக்கையறையில் 'நம்பிக்கை வளர்த்தல்', சமையலறையில் 'முரண்பாடு களைதல்'. அக்காவும் மகளும் சமைத்த காலத்திலும் அங்கே நடந்தது அதுதான் என்பதால், ஏற்பாட்டில் குறை சொல்ல இடமில்லை.

மறுநாள் அக்காவே வந்து நின்றாள். மகளுக்கு நிறைமாதம். முகாம் கூடாரம் ஒழுகுகிறது. பிரசவத்துக்கு முன் வீடு வேண்டும். உள்ளே தம்பி இருக்கிறான் என்ற தைரியம் வேறு.

பயிற்றுநர் பூரித்துப்போனார். நடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தவருக்கு அசலே கிடைத்துவிட்டது. அக்காவை அவளுடைய சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் உட்காரவைத்தார். எதிரே வீட்டுக்குப் பொறுப்பான கேப்டன். ராணுவத்தின் சிரமம் சிவிலியனுக்கும் புரிய வேண்டுமாம். ஆகவே கேப்டனுக்குத் துணையாக நான்.

"பேச என்னங்க இருக்கு? சாவி உங்ககிட்ட இருக்கு. குடுத்திடுங்க" என்றாள் அக்கா.

கேப்டன் நல்ல மனிதர், படிப்பில்தான் மட்டம். காலிசெய்யலாம் என்று உத்தரவும் வந்திருந்ததால் அவர் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. நல்லவேளை, பிடித்து நிறுத்தினேன். எடுத்த எடுப்பில் விட்டுக்கொடுப்பது மாபெரும் பிழை என்று அன்று காலையில்தான் படித்திருந்தோம்.

"அக்கா, உன் மனசு எனக்குப் புரியுது" என்று முறைப்படி தொடங்கினேன்.

"புரிஞ்சா வாங்கிக் குடுடா."

"உன் தேவை என்னன்னு சொல்லு."

"வீடு."

"அது கோரிக்கைக்கா. தேவையைச் சொல்லு. வீடு எதுக்கு?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உடம்புக்கு ஒண்ணுமில்லையே தம்பி?"

நான் அசரவில்லை. அவளுடைய கோரிக்கையை உரித்து உரித்துப் பார்த்ததில், தேவை 'ஒழுகாத கூரை' என்று தெரிந்தது. வீடு அநாவசியம். "வீட்டையே குடுத்திடலாமே சார்" என்று கேப்டன் முனகினார். அவரைத் தனியே அழைத்துப்போய்த் தைரியம் சொல்லிக் கூட்டிவந்தேன்.

மாலைக்குள் உடன்பாடு பிறந்தது. அக்காவுக்குப் புதுத் தார்ப்பாய். தன் கிணற்றில் தானே காலைவேளையில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் உரிமை. இரு தரப்பும் கைகுலுக்கின. அக்காவின் கையை நான்தான் தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. பயிற்றுநர் எழுந்து நின்று கைதட்டினார்.

பேரன் தார்ப்பாயின் கீழ் பிறந்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன்.

நிறைவு நாளில் தேர்வு வைத்தார்கள். ஒரு கேள்வி: 'நீங்கள் நடத்திய பேச்சுவார்த்தையில் எதிர்த்தரப்பு யார்?'

கேப்டன் 'நாங்கள்தான்' என்று எழுதித் தோற்றார்.

நான் 'என் அக்கா' என்று எழுதினேன். முழு மதிப்பெண்.