தூக்குவதற்கு ஓர் ஆள்

"எறக்கு மச்சி, எறக்கு! படியில செருப்புச் சத்தம் கேக்குது. உங்க மாமாதான்!" சண்முகசுந்தரத்தின் தோளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ஷரீஃப் கத்தினான்.

இறக்குவதற்குள் சிதம்பரநாதன் மாடிக்கே வந்துவிட்டார். உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கீழே கடை, மேலே துணி மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு கடையைப் பார்த்துக்கொள்பவன் அவருடைய அக்கா மகன் சண்முகசுந்தரம். கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருப்பவன் ஷரீஃப்.

"என்னல இது? தையக்காரனை எதுக்குத் தோள்ல போட்டுட்டு நிக்க?"

உண்மையைச் சொல்ல வழியில்லை. தீயணைப்பு வேலைக்கு அடுத்த வாரம் உடல் தேர்வு. ஓர் ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட வேண்டும். தூக்குவதற்கான ஆளை அவரவரே கூட்டிவர வேண்டும். இந்த முறை விட்டால் அடுத்த முறைக்குச் சண்முகசுந்தரத்துக்கு வயது தாண்டிவிடும்.

ஆனால் மாமாவின் கடையில் 'தீ' என்ற சொல்லுக்கே தடை. பஞ்சும் நூலும் கிடக்கிற இடத்தில் பெயரைச் சொன்னால் அது வந்து நிற்கும் என்பது அவர் பயம். சாம்பிராணி போடும்போதுகூட "அது நல்லா பிடிச்சிருக்கா?" என்றுதான் கேட்பார். போதாததற்கு, பையனை ஆபத்தான வேலைக்கு அனுப்பச் சம்மதிக்க மாட்டேன் என்று அக்காவிடம் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். அவர் வாழ்நாளில் அணைத்த ஒரே நெருப்பு அதுதான்.

"ஷரீஃபுக்குக் கால் சுளுக்கிட்டு மாமா. அதான் தூக்கிட்டுப் போறேன்."

"ஆமா அண்ணாச்சி. உயிர் போவுது" என்று ஷரீஃப் தொங்கியபடியே முனகினான்.

அதோடு விட்டிருக்கலாம். மாமா இரக்கக்காரர். அரை மணியில் எலும்பு வைத்தியரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

"எந்தக் கால்?"

"இடது" என்றான் ஷரீஃப்.

"வலது" என்றான் சண்முகசுந்தரம், அதே நேரத்தில்.

வைத்தியர் இருவரையும் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வைத்து, இரண்டு காலையும் கட்டிவிட்டார். "ஒரு வாரம் தரையில கால் வைக்கக் கூடாது. வச்சா நொண்டிதான்."

மாமா ஷரீஃபின் கட்டுகளையும், தலையணைக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த சர்க்கார் கவரையும், சண்முகசுந்தரத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வைத்தியருக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கீழே போனார்.

ஷரீஃபை டீக்கடைக்கும் குளியலறைக்கும் தூக்கிக்கொண்டு போனதில் நல்ல பயிற்சி கிடைத்தது. ஆனால் மெஷினை யார் மிதிப்பது? சண்முகசுந்தரம் கீழே உட்கார்ந்து கையால் மிதிகட்டையை அமுக்க, ஷரீஃப் மேலே தைத்தான். அடையாறிலிருந்து வந்த கல்லூரி மாணவன் ஜவஹர் தன் பெல்பாட்டத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு நடுக்கடையில் நின்றான்.

"ஒரு கால் கோயில் மணி மாதிரி இருக்கு. இன்னொரு கால் தண்ணிக் குழாய் மாதிரி இருக்கு! இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படிய்யா காலேஜுக்குப் போறது?"

அவனைச் சமாதானப்படுத்த மாமா புதுத் துணி கிழித்துக் கொடுத்தார். திட்டக்கூட இல்லை. அதுதான் சண்முகசுந்தரத்தைக் கலக்கியது. மாமாவின் போக்கே கொஞ்ச நாளாகச் சரியில்லை. காலையில் கோயிலுக்குப் போய் வியர்த்து விறுவிறுக்கத் திரும்பினார். இட்லியைத் தட்டில் பாதி வைத்துவிட்டு எழுந்தார். என்னாலதான் மனுசன் சோறு இறங்காம இளைக்காரு என்று இவன் உள்ளுக்குள் நொந்தான்.

தேர்வு நாள் வந்தது.

"ஷரீஃபுக்குக் கட்டுப் பிரிக்கணும் மாமா. மயிலாப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரோம்."

"நானும் வாரேன்" என்றார் மாமா.

தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் துரைராஜின் சைக்கிள் ரிக்‌ஷாவில் மாமாவும் ஷரீஃபும் உட்கார, சண்முகசுந்தரம் கால் வைக்கும் பலகையில் ஒடுங்கினான். மயிலாப்பூரில் மைதானம் வந்ததும் குதித்தான்.

"இறங்குங்க மாமா. ஆஸ்பத்திரி இதான்."

"செவப்பு வண்டியெல்லாம் நிக்கி?"

"அவசர ஆஸ்பத்திரி மாமா."

மீசைக்கார அதிகாரி ஷரீஃபின் இரண்டு கட்டுகளையும் பார்த்தார். "ஏன்யா, தூக்கறதுக்கு ஆள் கூட்டிட்டு வான்னா, ஏற்கெனவே அடிபட்ட ஆளையா கூட்டிட்டு வருவே? இவரைத் தூக்க விடமாட்டேன். வேற ஆள் இருக்கா?"

"கால்ல ஒண்ணுமில்ல சார்! சும்மா கட்டுனது!" ஷரீஃப் எழுந்து நிற்கப் பார்த்தான். ஒரு வாரமாக மடங்காத கால்கள் மரக்கட்டையாக விறைத்திருந்தன. அப்படியே புல்லில் சாய்ந்தான்.

"வேற ஆள் இல்லேன்னா கிளம்பு தம்பி. தீயணைப்புப் படைன்னா என்ன விளையாட்டா?"

"என்ன... என்ன படைன்னீங்க?" என்று கேட்டார் மாமா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். நெஞ்சைப் பிடித்தார். கண்கள் செருகின. புல் அடர்ந்த பக்கமாகப் பார்த்து விழுந்தார்.

"மாமா!"

"பாத்துக்கிட்டு நிக்கிறியே, தூக்குய்யா! அந்தக் கோடியில ஆம்புலன்ஸ் நிக்குது. ஓடு!"

சண்முகசுந்தரம் தூக்கினான். ஓடினான். கோடு, விசில், தேர்வு எதுவும் அவன் நினைவில் இல்லை. "மாமா, கடையிலயே இருந்துருதேன் மாமா! எங்கயும் போவ மாட்டேன்! கண்ணைத் தொறங்க மாமா!" என்று கதறிக்கொண்டே ஓடினான். அவரை இறக்கிப் படுக்கவைத்தபோது, பின்னால் ஓடிவந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இத்தனை பேர்ல நீதான்யா முதல்ல வந்திருக்கே. பாஸ்!"

"பாஸ் கெடக்கட்டும் சார்! மொதல்ல எங்க மாமாவைப் பாருங்க!" சண்முகசுந்தரம் விம்மி விம்மி அழுதான்.

மாமா விட்டுவந்த செருப்புகளைக் கையில் தூக்கிக்கொண்டு துரைராஜ் சிரித்தபடி வந்தான்.

"இதுக்கா நைனா அழுதுகினு கீறே? அந்த பாய் காலைக் கட்டுன நாள்லேருந்து, டெய்லி காலைல அண்ணாச்சி என் வண்டி பின்னாலயே ஓடியாந்துகினு இருந்தாரு. இன்னாத்துக்கு அண்ணாச்சின்னு கேட்டா, 'என் மருமவன் என்னைத் தூக்கிட்டு ஓடணும்லா, கொஞ்சம் எடை கொறையட்டும்'னாரு!"